நான்கெழுத்துப் பாடம்

மூன்றாவது அடியில் ஜனகராஜின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. "எந்தக் குரூப்புடா? எம்புட்டுப் பேரு இருக்கீக?" என்றார் இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன்.

ஜனகராஜின் டைப்ரைட்டிங் வகுப்பில் பிடிபட்ட நோட்டு மேஜைமேல் கிடந்தது. பக்கத்துக்கு நான்கு சீன எழுத்து, கீழே தமிழில் அர்த்தம். எமர்ஜென்சி வந்து எட்டு மாதமாகியிருந்தது. நக்சலைட் என்று ஒருவரை இழுத்துவர அந்தச் சீன எழுத்தே போதும்.

"பினாங்குல ஜவுளிக்கடையில பத்து வருசம் இருந்தேன் சார். அங்க கத்துக்கிட்டது. சீனத்துல நாலெழுத்துத் தொடர் நெறைய உண்டு. ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டுச்சு, சொல்லிக் குடுத்தேன். திருத்தறதுக்குக் குடுத்த நோட்டு அது."

"வாசிங்க ஏட்டு." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

ஏட்டு வெள்ளைத்துரை நோட்டைப் பிரித்தார். "வாயடைத்தல், போல, குளிர், சில்வண்டு. குளிர்காலத்துச் சில்வண்டு போலப் பயத்தில் பேச்சற்றுப் போவது. உதாரணம்: பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா குளிர்காலத்துச் சில்வண்டு ஆகிவிடுவாள்."

"பூட்ஸுன்னா போலீசு. நாங்க வந்தா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சிக்னல். அம்மாங்கிறது யாரு, ஒங்க தலைவியா?"

"இல்ல சார். அது அந்த வீட்டுல நடக்கிறது."

லத்தி விரல்களின் மேல் இறங்கியது. டைப் அடிக்கிற விரல்கள்.

"நோட்டுக்குச் சொந்தமான ஆளையும் மிசாவுல போடுறோம்னு மெட்ராசுக்கே சொல்லியாச்சு. டிஎஸ்பி வந்துக்கிட்டு இருக்காரு. பேரச் சொல்லு."

"சொன்னா அந்தப் பிள்ளைய அவங்க அப்பாவே கொன்னுபோடுவாரு சார்."

"அந்த அப்பனையும் சேத்துத் தூக்குறேன். எவனா இருந்தா எனக்கென்ன?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். "கிளாஸுல படிக்கிற முப்பது பேரையும் அள்ளிட்டு வாங்கய்யா. அடிக்கிற அடியில எதாவது ஒண்ணு கக்கும்."

ஜனகராஜ் வீங்கிய கையைத் தூக்கினார். "வேணாம் சார். சொல்றேன்."

அப்போதுதான் டிஎஸ்பி உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "ஒத்துக்கிட்டான் சார். இப்பப் பேரு வந்துரும்."

டிஎஸ்பி தாமே பேனாவைத் திறந்தார். "சொல்லு. பேரு, தகப்பன் பேரு."

ஜனகராஜ் கண்ணாடியில்லாத கண்களை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"சோலையம்மாள். தகப்பன் பேர நம்ம இன்ஸ்பெக்டர் சாரே சொல்லுவாருங்க."