நாற்பது பேரின் தூக்கம்

"ரெண்டு வாரத்துக்கு ஏழே ஏழு ஃபாரம்தானா?"

டாக்டர் ஐலீன் ஏழு தாள்களையும் மேசையில் போட்டார். எதிரே மருத்துவக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கஸ்தூரியும் திமோத்தியும் நின்றார்கள்.

ஆராய்ச்சிப் பாடத்துக்காக அவர் கொடுத்த வேலை சுலபமானதுதான். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் லாயாங் லாயாங் என்ற ஊருக்குத் தொழிலாளர்கள் திரும்பும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, தூக்கத்தைப் பற்றி ஆளுக்கு நாற்பது பேரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். கேள்விகளை ஐலீனே தயாரித்திருந்தார்.

"பஸ் கிளம்புன அஞ்சு நிமிசத்துல எல்லாரும் தூங்கிடுறாங்க, டாக்டர்," என்றாள் கஸ்தூரி.

"எழுப்பிக் கேக்க வேண்டியதுதானே? ரெண்டு நிமிச வேலைம்மா."

"மனசு வரல, டாக்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்தப்ப முழிச்சிருந்தவங்க ஏழு பேரு. அவங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன்."

"மனசு வரலன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா? பத்தொன்பது வருசமா இந்தப் பாடம் நடத்துறேன். கூச்சப்படுறவங்களுக்கு ஆராய்ச்சி ஒத்து வராது."

"அடுத்த வாரமும் போறேன், டாக்டர். ஆனா எழுப்ப மாட்டேன்."

ஐலீனுக்குச் சுருக்கென்றது. திமோத்தியின் பக்கம் திரும்பினார்.

"நீயும் அதே பஸ்லதானே போன?"

"ஆமா, டாக்டர். நாப்பதும் முடிஞ்சிருச்சு." பெரிய கட்டாக நீட்டினான்.

"அவங்க தூங்கலையா?"

"தோளத் தட்டுனா முழிச்சிக்கிறாங்க, டாக்டர். எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

"பாத்தியா கஸ்தூரி? இதுதான் உழைப்பு. உக்காரு. ஒரு ஃபாரம் எப்படி இருக்கணும்னு காட்டுறேன்."

மேலே இருந்ததை எடுத்து உரக்க வாசித்தார். பெண், வயது ஐம்பத்திரண்டு. வேலை, பேக்கிங். ஒரு நாளைக்குத் தூங்குவது நாலு மணி நேரம். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஐலீனுக்குத் திருப்தியாக இருந்தது.

"கடைசிக் கேள்வி. உங்கள் தூக்கத்தை அதிகம் கெடுப்பது எது?"

பதிலைப் பார்த்தவர் வாசிக்கவில்லை. அடுத்த ஃபாரத்தைப் புரட்டினார். அதற்கடுத்ததையும். கையெழுத்துகள் வேறு வேறு. பதில் மட்டும் ஒன்றுதான்.

"பஸ்ஸுல எழுப்பிக் கேள்வி கேக்குற டாக்டர் புள்ளைங்க."