மழை மணி

ஒரு மரங்கொத்தி, மழை வருவதற்கு முன்பே மணி அடித்துச் சொல்லும் சின்னச் செயலி ஒன்றை எழுதியது. அதைக் காட்டுக் குழுமத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டது. அன்றிலிருந்து விடிந்தால் புகார்தான்.

“மழைன்னு மணி அடிச்சுது. தோகையை விரிச்சுக்கிட்டு நின்னா வெறும் தூறல். எல்லாரும் சிரிக்கிறாங்க,” என்று எழுதியது மயில்.

“மணிச் சத்தம் சகிக்கலை. இன்னிக்கே மாத்து,” என்றது காகம்.

மரங்கொத்தி மாற்றிக் கொடுத்தது. பழைய சத்தமே தேவலை என்று மறுபடி காகமே எழுதியது. இந்த வேலையில் பெண்டாட்டி கொண்டுவந்து வைத்த புழுகூட மரப்பொந்தில் காய்ந்து கிடந்தது.

ஒரு மாலை அலுத்துப்போய், ‘இனி என்னால் முடியாது, செயலியை நிறுத்துகிறேன்’ என்று தட்டி முடித்தது. அனுப்பப் போகும் நேரத்தில் எறும்பிடமிருந்து செய்தி வந்தது.

“அண்ணே, நேத்து மணி அடிச்சதும் முட்டையெல்லாம் மேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம். வெள்ளம் வந்தும் ஒண்ணுகூட நனையலை.”

“சரி, என்ன கோளாறு?” என்று கேட்டது மரங்கொத்தி.

“கோளாறு ஒண்ணும் இல்லைண்ணே.”

“பின்னே எதுக்கு எழுதினே?”

“சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.”

மரங்கொத்தி, தட்டி வைத்திருந்த அறிவிப்பை அழித்தது. பாவம், மரியாதைக்காக எறும்பு எதையோ சொல்லாமல் மறைக்கிறது என்று தோன்றவே, மணி அடிக்கும் பகுதியைத் திறந்து பிழை தேட ஆரம்பித்தது.