கொம்பா, புள்ளியா

மாமியார் வாயைத் திறந்துவிட்டார்.

நாக்கு நீட்டியாயிற்று. மாத்திரை மகனின் விரலிடுக்கில். தண்ணீர் டம்ளரோடு மகள் பக்கத்தில் தயார்.

உலகத்து மருமகள்கள் கனவில் மட்டும் செய்து பார்ப்பதை, இந்த மருமகள் பட்டப்பகலில், கணவர் கண்ணெதிரே செய்தாள்.

மாமியார் வாயைப் பொத்தினாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தின நாள்தான் மாமியார் வீடு திரும்பியிருந்தார். தறிகெட்டு ஓடும் இதயத்துக்குக் கடிவாளம் போட ஒரு புது மாத்திரை. அளவு கூடினால் இதயம் ஓட்டத்தைக் குறைப்பதோடு விடாது, ஒரேயடியாக நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மருந்துக்கடையில் கவர் மேல் எழுதித் தருவார்கள் என்றும் சொன்னார்.

எழுதியும் தந்திருந்தார்கள். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து.

தினம் கால மாத்திரை. 28 நாள்.

மகன் தமிழ் வாத்தியார். எழுத்துப் பிழையைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். காலைக்குக் கொம்பை விழுங்கிவிட்டான் பார் என்று கடைக்காரரை ஒரு பிடி பிடித்தார். சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவினார். கவரிலேயே கொம்பைப் போட்டார்.

கால மாத்திரை காலை மாத்திரை ஆகிவிட்டது. தினம் காலையில் ஒன்று. பத்துக்குப் பத்து மார்க்.

மருமகள் கவரை வாங்கிப் பார்த்தாள். அவள் கண் நேராக 28-இல் போய் நின்றது. பிறகு மாத்திரை அட்டையை எடுத்தாள். கடையில் கத்தரியால் நறுக்கிக் கொடுத்த துண்டு அட்டை. அதில் ஆறு இருந்தன. கணவர் விரலிடுக்கில் இருந்ததோடு ஏழு.

அதற்குள் மாமியார் வாய் திறந்துவிட்டது. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கைதான் போயிற்று. மொத்தம் ஏழுதான் இருக்கிறது என்று அப்புறம்தான் சொன்னாள்.

நாத்தனார் டம்ளரை ஓசைப்பட வைத்தாள். ஏழுதான் இருக்கிறது என்றால் கடையில் சரக்கு தீர்ந்திருக்கும், மீதியை அப்புறம் வாங்கிக்கொண்டால் போகிறது, அதற்காக அம்மாவை மூச்சுமுட்ட வைப்பதா என்று கேட்டாள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மருமகள், சோப்பு மொத்த வியாபாரியின் மகள். நடை பழகியதே சரக்கு மூட்டைகளுக்கு நடுவில்.

“இருபத்தெட்டு நாளைக்கு ஏழுதான் குடுத்திருக்காங்க. மீதி இருபத்தொண்ணை விக்காம விட்டுட்டு எந்தக் கடைக்காரருக்காவது ராத்திரி தூக்கம் வருமாங்க? சரக்கு இல்லேன்னா, நாளைக்கு வாங்கன்னு நாலு தடவை சொல்லி அனுப்பியிருப்பாரு. இது கால் மாத்திரை.”

காலுக்கு ஒன்றுமில்லை, நெஞ்சுக்குத்தான் மாத்திரை என்று அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து மாமியார் முனகினார்.

மருமகள் கையை எடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணக்குத் தப்பினால், மாமியார் வாயைப் பொத்தியவள் என்கிற பட்டம் பேரன் பேத்தி எடுத்த பிறகும் கூடவே வரும். கணக்குச் சரியாக இருந்து, அவள் பயந்து கையை எடுத்துவிட்டால், பட்டம் கொடுக்க மாமியார் இருக்கமாட்டார்.

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் திருத்தியதையே திருத்த வீட்டுக்குள் ஒருத்தி. கவரின் மூலையில் அச்சடித்திருந்த கடை நம்பரைத் தட்டினார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

எல்லாரும் கேட்டார்கள்.

“கால் சார், கால். நாலா உடைச்சு ஒரு துண்டு. முழுசா குடுத்துடாதீங்க, ஆளையே சாய்ச்சிடும்.”

விட்டுப்போனது கொம்பு இல்லை. புள்ளி. ல மேல் வைத்திருக்க வேண்டிய, கடுகில் பாதி அளவுப் புள்ளி. கொம்பும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் அந்தக் கவரில் குந்தியிருந்தவன் காலன். அவனைத்தான் வாத்தியார் சிவப்பு மையால் வரவேற்றிருந்தார்.

மாத்திரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் இருந்ததை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மருமகள் கோட்டோடு கோடாக அதை நான்காக உடைத்தாள். ஒரு துண்டை மாமியார் அவள் கையாலேயே வாங்கி விழுங்கினார். பிறகு மருந்து டப்பாவை மகனிடமிருந்து பிடுங்கி மருமகள் மடியில் வைத்தார்.

“இனிமே எந்த மருந்தா இருந்தாலும் இவ படிச்சுப் பார்த்துத்தான் எனக்குக் குடுக்கணும்.”

நாத்தனார் அண்ணிக்குக் காப்பி போட்டுக்கொண்டு வரப் போனாள்.

வாத்தியார் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினேழு வருடமாகப் பிழை திருத்துகிற தன் கண்ணில் படாத புள்ளி அவள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது என்று கேட்டார். அதில் வெட்கம் பாதி, பெருமை பாதி.

மருமகள் சிரித்தாள். மருந்து டப்பாவை மூடினாள்.

அவள் பிறந்து வளர்ந்தது வேறு மொழி ஊரில். படித்தது அந்த மொழிப் பள்ளியில். அந்தக் கவரில் அவளால் படிக்க முடிந்தது எண்களை மட்டும்தான்.

பெண் நன்றாகத் தமிழ் பேசுவாள் என்று சொல்லித்தான் அவள் அப்பா சம்பந்தம் பேசினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

படிக்கத் தெரியுமா என்று வாத்தியார் வீட்டில் யாரும் கேட்கவில்லை.