அஞ்சடி ஒண்ணு

ஓக்லஹோமாவின் செம்மண் மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சாஃப்ட்பால் பந்துகள் போட்டுவைக்கும் வாளியின் மூடிமேல் உட்கார்ந்து, ஆள் எடுக்கும் கல்லூரி அணிகளுக்கு அனுப்ப மகளை வீடியோ எடுக்கிறார் க்ளின்ட். அவள் உயரமாகத் தெரியட்டும் என்று போனைக் கணுக்காலருகே தாழ்த்திப் பிடித்திருக்கிறார். கேட்சரின் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிற்கிறாள் ரெனி. மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, அடுத்த பேஸைத் திருட நழுவி ஓடுகிறவளைப் பந்தெறிந்து அவுட்டாக்குவது அவள் வேலை. கன்னத்து வியர்வையில் செம்மண் கோடாய் இறங்குகிறது. "அஞ்சடி நாலுன்னு சொல்லு கண்ணு. யாரு அளக்கப்போறா?" "நேர்ல போய் நின்னா தெரியாதாப்பா?" "போன வாரம் அந்தக் கோச் உயரத்தக் கேட்டதுமே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே, மறந்துட்டியா?" "மறக்கல. அதான்." ரெனி குனிந்து, அடியில் முள் வைத்த ஷூக்களைக் கழற்றி வாளியோரம் எறிகிறாள். அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கம்பி வேலியில் தன் கண்மட்டத்துக்குச் செருகுகிறாள். வேலி கிணுகிணுக்கிறது. சிவப்புப் புள்ளி எரிகிறது. வெறுங்காலோடு மண்ணில் அழுந்த நின்று நேராகப் பார்க்கிறாள். "ரெனி. கேட்சர். அஞ்சடி ஒண்ணு. நான் பின்னால குந்தியிருக்கும்போது, என் எறிக்குத் தப்பி ரெண்டாவது பேஸைத் திருடற பொண்ணு உங்ககிட்ட எவளாச்சும் இருந்தா அனுப்பி வைங்க, பாப்போம். நல்ல உயரமானவளாவே அனுப்புங்க."