பெட்டிக்குள் கரகரப்பு

"இது தன்னால கெட்டதில்ல டேய். ஆரோ உள்ள எதையோ போட்டிருக்காங்க" என்றாள் ஷிஜி, இரும்புப் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தபடி.

நவநீத் எட்டிப் பார்த்தான். காலால் மிதித்தால் கிதாரின் குரலையே மாற்றிவிடும் பெட்டி அது. பெடல் என்பார்கள். கொச்சியில் ஒரு ரெக்கார்டிங் என்று போனவன், அங்கே எல்லாம் இருக்கிறதே என்று இதை வீட்டில் விட்டுப் போயிருந்தான். நேற்றுத் திரும்பி வந்து குமிழைத் திருகினால் அப்பளம் நொறுக்குகிற மாதிரி கரகரவென்று ஒரே சத்தம். இன்று சாயங்காலம் கழக்கூட்டம் என்கிற ஊரில் நிகழ்ச்சி வேறு.

ஷிஜியும் அவனும் ஒரே காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். பாறசாலைக்காரியான அவள் படித்ததை விடவில்லை. பழவங்காடியில் ஒரு மாடியறையைப் பிடித்து ரிப்பேர் கடை போட்டுவிட்டாள். கரமனை அக்ரஹாரத்துப் பிள்ளையான அவன் டெக்னோபார்க் வேலையை உதறிவிட்டுக் கிதாரைப் பிடித்துக்கொண்டான்.

"குமிழுக்கு அடியில பாரு. மஞ்சளும் செவப்புமா சேறு மாதிரி எறங்கிக் காஞ்சு கெடக்கு. மூணு குமிழுலயும் ஒண்ணு போல. எதாவது கொட்டிப் போயிருந்தா ஒரு பக்கந்தான எறங்கும்? இது பாத்துப் பாத்து வச்சதாக்கும்."

"செங்கல் பொடியா?"

"அப்பிடித்தான் தோணுது. தண்ணியும் தெளிச்சிருக்கு. ஆனா மேல பாரு, ஒரு பொட்டு அழுக்கில்ல. நல்லாத் தொடச்சிருக்காங்க. வெவரமான ஆளுதான்."

நவநீத்துக்கு முகம் சிவந்தது. "அப்பாவோட வேலை."

"சும்மா கெட டேய். பெத்த அப்பன் செய்யுமா?"

"உனக்கு எங்கப்பாவைத் தெரியாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகன் வேலையை விட்ட நாளிலிருந்து அப்பா சேஷன் அவனோடு நேராகப் பேசியதே இல்லை. சொல்ல வேண்டியதை மகள் ஸ்ரீலக்ஷ்மியிடம் சொல்வார், அவன் காதில் விழும்படி. "காலால மிதிக்கற பெட்டிக்கெல்லாம் சங்கீதம்னு பேராக்கும்" என்பது அப்படிக் காதில் விழுந்ததுதான். போன மாதம் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்று, "இந்தச் சத்தத்துக்கு ஒருநாள் நானே ஒரு வழி பண்றேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி வழி பண்ணிவிட்டார் என்று நினைத்தான் நவநீத்.

"வெறுதே ஒருத்தர் மேல பழி போடாத. கேட்டுப் பாரு" என்றாள் ஷிஜி.

"அவர்கிட்டே என்ன கேக்கறது? சாட்சிகிட்டேயே கேக்கறேன்."

ஸ்ரீலக்ஷ்மி லீவுக்கு வந்துவிட்டுத் திருச்சூர் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் தட்டினான். 'நான் இல்லாதப்போ அப்பா என் பெடலை எடுத்தாரா?'

உடனே பதில் வந்தது. 'எடுத்தார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. என்னைக் கொன்னுடுவார்.'

ஃபோனை அப்படியே ஷிஜியின் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் படித்துவிட்டுப் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அறையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பான். ஆள் இல்லாத நேரம் பார்த்து இப்படிப் பண்ணியதுதான் அவனுக்கு ஆறவில்லை. அதே சூட்டில் டிரம்ஸ் வாசிக்கும் லிபினைக் கூப்பிட்டான்.

"லிபின், உன் ரூம்லே ஒரு ஆளுக்கு இடம் இருக்குன்னியே, இன்னிக்கே வந்துடறேன். நிகழ்ச்சி முடிஞ்சதும் நேரா அங்கேதான். இல்லைடா, ஆத்துக்கு இனிமே போகறதா இல்லை. துணிமணியெல்லாம் அப்புறம் யாரையாவது விட்டு எடுத்துக்கறேன்."

ஷிஜி தலை நிமிராமல் வேலையைப் பார்த்தாள். குமிழ்களைப் பிடுங்கி வைத்து, துப்புரவு ஸ்ப்ரேயை அடித்து, காய்ந்து கிடந்ததைக் குச்சியால் மெல்லச் சுரண்டினாள். ஊறிக் கரைந்து வந்ததைப் பஞ்சில் ஒற்றி எடுத்தவள் சட்டென்று நிறுத்தி, பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள்.

"டேய், செங்கப்பொடிக்கு இப்பிடி ஒரு மணம் உண்டா?"

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். நீ சுத்தம் பண்ணிக் குடு, போறும்."

"மணத்துப் பாரு டேய், சொல்லுதேன்ல."

வாங்கி முகர்ந்தான். ஸ்ப்ரேயின் நெடியையும் மீறி வந்தது சந்தனம். அப்படியானால் அந்தச் சிவப்பு குங்குமம். நாசம் பண்ண நினைக்கிறவர் எதற்கு நல்ல சந்தனத்தை அரைத்துக்கொண்டு உட்கார வேண்டும்? அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. தங்கையையே கூப்பிட்டான்.

"என்ன அண்ணா, அப்பாகிட்டே போய்ச் சண்டை போட்டுட்டியா?" எடுத்ததுமே பயந்தாள் ஸ்ரீலக்ஷ்மி.

"இன்னும் போடலை. என் பெடலுக்குள்ளே சந்தனம் எப்படிடி வந்தது?"

ஸ்ரீலக்ஷ்மி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரஸ்வதி பூஜைக்கு என் புஸ்தகத்தையெல்லாம் அடுக்கினோமா, அப்பா தானே உன் ரூமுக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்துண்டு வந்து நடுவிலே வச்சு, குமிழ் ஒவ்வொண்ணுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, தீர்த்தம் வேறே தெளிச்சார்" என்றாள் அவள். "உன் கண்ணிலே பட்டா வெக்கக்கேடுன்னு, நீ வரதுக்கு முன்னாடி வேஷ்டித் தலைப்பாலே அவரே துடைச்சு, இருந்த இடத்திலே வச்சுட்டார், பாவம்."