பனியில் வழிமாறிய சாக்கு

“படியில ஒண்ணுமே இல்லம்மா,” என்றபடி வாசலிலிருந்து உள்ளே வந்தான் யெல்லே.

ஃபெம்கேவுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தானே வாசல் கதவு தடதடவென்று அதிர்ந்தது?

டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம். சின்டர்கிளாஸ் தாத்தா வெள்ளைக் குதிரையில் கூரை கூரையாகத் தாவி வந்து, கதவைத் தட்டிவிட்டு, பரிசுச் சாக்கைப் படியில் வைத்துவிட்டு மறைந்துபோகிற நாள்.

தட்டியது அவள் புருஷன் ஹைகோ. தட்டிவிட்டு, சந்து வழியாக ஓடிவந்து, கொல்லைக் கதவால் நுழைந்து, ஒன்றும் அறியாதவன் போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

“எந்தப் படியில வெச்ச?” காதோடு கேட்டாள்.

“என் வீட்டுப் படி எனக்குத் தெரியாதா?”

எட்டிப் பார்த்தார்கள். கால்வாயிலிருந்து எழும்பிய மூடுபனி தெருவையே விழுங்கியிருந்தது. விளக்குகள் கம்பம் இல்லாமல் அந்தரத்தில் மிதந்தன. இருபது அடி தள்ளி இருக்கிற எதிர்வீடு, எப்போதோ கனவில் கண்ட வீடு மாதிரி தெரிந்தது. சாக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

சாக்கில் இருந்தது யெல்லேயின் முதல் வீடியோ கேம் பெட்டி. அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வாரமாக மல்லுக்கு நின்றிருந்தார்கள். பெரிய டிவியில் மாட்டி, துப்பாக்கிச் சண்டையெல்லாம் போடுகிற மாதிரி வேண்டும் என்றான் ஹைகோ.

“அது உனக்கு. நாம வாங்கறது ஏழு வயசுக்காரனுக்கு,” என்று அவன் வாயை அடைத்தாள் ஃபெம்கே.

சின்னக் கைக்குள் அடங்கணும். கீழே போட்டால் உடையக் கூடாது. முகம் தெரியாத எவனும் அதில் வந்து பேசக் கூடாது. ரெண்டு பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்து ஆடணும். கடை கடையாக ஏறி, பொத்தான் பொத்தானாக அமுக்கிப் பார்த்து வாங்கிய மஞ்சள் பெட்டி அது.

“பனியில தாத்தாவுக்கு வழி தப்பியிருக்கும் கண்ணு,” என்று மகனிடம் சமாளித்தாள்.

“பரவால்லம்மா.”

பாலைக் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான். அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்தப் ‘பரவால்ல’தான் அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

காலையில் பனி கொஞ்சம் விலகியபோது, திரையில்லாத எதிர்வீட்டு ஜன்னலில் ஹிஸ்கா தெரிந்தாள். ஆறு வயசு, தாயில்லாப் பிள்ளை. மடியில் மஞ்சள் பெட்டி.

“பார்த்தியா, அவ அப்பன் ரின்ஸேதான் தூக்கியிருக்கான்,” என்றான் ஹைகோ. “படகுப் பட்டறையை மூடினதிலிருந்து அவனுக்கு வேலையில்ல, சரி. அதுக்காக ஒரு குழந்தையோட சாக்கையா தூக்குவான்?”

“நீ இரு. நீ போனா தெருவே கூடிடும். நான் பார்த்துக்கறேன்.”

என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே தெருவைக் கடந்தாள். ரின்ஸே கதவைத் திறந்தான். அவள் வாயெடுக்கும் முன் ஹிஸ்கா ஓடிவந்தாள்.

“ஆன்ட்டி, சின்டர்கிளாஸ் வந்தாரு. எங்க வகுப்புல எல்லாரும் அப்படி ஒருத்தர் கிடையவே கிடையாதுன்னாங்க. நான் மட்டும்தான் உண்டுன்னேன். எனக்குப் பாட்டு வேற எழுதி வெச்சிருக்காரு, பாருங்க. கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு. பாவம், வயசாயிடுச்சுல்ல.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மேலே மேலே ஏறி, ஓரம் வந்ததும் இடமில்லாமல் நசுங்குகிற வரிகள். தினமும் பள்ளிக்கூட நோட்டில் பார்க்கிற எழுத்து. யெல்லேயின் எழுத்து.

ஹிஸ்கா இன்னும் தூக்கத்தில் சிரிப்பவள் போலவே சிரித்துக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு ரின்ஸே குரலைத் தாழ்த்தினான். “அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே உங்க பையன்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நேர்ல குடுத்தா நான் கூச்சப்படுவேன்னுதானே அவனை விட்டு எழுதவெச்சு, படியில வெச்சுட்டுப் போயிருக்கீங்க? இந்த வருஷம் தாத்தா வரமாட்டாருன்னு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தேன், ஃபெம்கே. இந்த மனசு எல்லாருக்கும் வராது.”

திருடினாயா என்று கேட்க வந்த வாய், “நான் ஒண்ணும் செய்யல,” என்றது. அவன் அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டான்.

வீட்டில் யெல்லே தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சாக்கை நீயா தூக்கிட்டுப் போன?”

“தூக்க முடியல. இழுத்துட்டுப் போனேன்.”

“அது உனக்கு வந்ததுன்னு தெரியுமா?”

“தெரியும். பரண்ல பார்த்தேன். எனக்கு அடுத்த வருஷம் வந்தாப் போதும். ஹிஸ்காவுக்கு இப்ப வரலன்னா அவ வகுப்புல தோத்துப் போயிடுவா.”

ஃபெம்கே அவன் தலையைக் கோதினாள். பாதியில் கை நின்றுவிட்டது.

“பரண்ல பார்த்தியா? அப்போ சின்டர்கிளாஸ் தாத்தா...”

“போன வருஷமே தெரியும்மா,” என்றான், வரைவதை நிறுத்தாமல். “நீயும் அப்பாவும் ரொம்ப ஆசையா செய்றீங்க. சொன்னா அழுவீங்களோன்னுதான் சொல்லல.”