துண்டுக்கடியில் இரண்டு கைகள்

மட்டாஞ்சேரியில் ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை எட்டணா. அபின் கடையில் கிடைக்கும். மூன்று நாளாக அதை வாங்காத தரகர் முப்பிடாதி, மிளகுக் கிடங்கில் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை சொல்கிறார். விரல் பிசகினால் தரகுத் தொழிலே போய்விடும். மிளகு வாங்க வந்த சிவசங்கரன் முதலாளிக்குக் குழப்பம்; காதோரம் குனிந்து கிசுகிசுக்கிறார். "ஏழா, எட்டா ஓய்? விரல் துள்ளறதே!" "ஏழுதான். துள்ளுறது விலையில்ல மொதலாளி, நான். அபினை விட்டுட்டேன்." "அது அப்படி என்னத்தைத்தான் ஓய் தர்றது?" "ஒண்ணும் தராது. மகன் காயல்ல முங்கிச் செத்த பொறவு தலைக்குள்ள ஒரே எரைச்சல். அதைக் கொஞ்சம் எடுத்துக்கிடும்." ஓட்டு இடுக்கின் வெயிலில் மிளகுத் தூசு மிதக்கிறது. விலை படிந்துவிட்டது, முதலாளி கையை விடவில்லை, நடுக்கம் அடங்குமா என்று பார்க்கிறார். சுற்றி நிற்பவர்கள் பேரம் இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறார்கள். மிளகுக் கணக்கு நேர். தூக்கம்தான் மூன்று ராத்திரி பாக்கி.